நடுவிலா, ஓரத்திலா?

(குறுவள மையக் கூட்டத்தில் உயர்நிலைப் பள்ளி அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு என்னைப் பேச அழைத்தபோது, "ஒலி பாடத்தைச் செயல்வழியில் நடத்தியது பற்றி ஒரு 20 நிமிடம் பேசுங்கள்" என்றார்கள். பேசுகிறேன். ஆனால் அந்தப் பாடத்துக்கு நான் வந்து சேர்ந்த வழி கொஞ்சம் சுற்றுவழி. அதில் என் தவறு ஒன்றும் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பாடத்தை மட்டும் சொன்னால் பாதி பொய்யாகிவிடும். எனவே முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். 2022-இல் ஊருக்கு வந்தவர், தாம் வாசித்துக்கொண்டிருந்த பழைய டிரம்ஸ் செட் ஒன்றைப் பள்ளிக்குக் கொடுத்தார். காலால் அடிக்கும் பெரிய டிரம் 22 அங்குலம். அதன் மேல் பொருத்தும் டாம் டிரம்கள் இரண்டு, 12 அங்குலமும் 13 அங்குலமும். தரையில் நிற்கும் டாம் 16 அங்குலம். மடிக்கு நேரே வைத்து வாசிக்கும் ஸ்னேர் 14 அங்குலம். இவற்றோடு வெண்கலத் தட்டுகளான சிம்பல்கள். இருப்புப் பதிவேட்டில் ஏற்றினோம். அறையில் வைத்துப் பூட்டினோம். அவ்வளவுதான். பொருள் தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம் நம் எல்லோருக்கும் உண்டல்லவா? பூட்டிய அறையில் இருக்கும் பொருள் தொலையாது. பயன்படவும் செய்யாது.

2023 குடியரசு தின விழாவுக்கு அதை வெளியே எடுக்கலாம் என்று தலைமை ஆசிரியர் சொன்னார். சாவி என் கைக்கு வந்தது. "நீங்க அறிவியல் ஆசிரியர், திருகு ஆணியெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். எனக்குத் தமிழ்த்தாய் வாழ்த்தைக்கூடச் சுருதியோடு பாட வராது. பி.எட். படித்தபோது இசை வகுப்பில் கடைசி வரிசையில் வாயை மட்டும் அசைத்தவன் நான்.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தானாக முன்வந்தான். மேசையிலும் தண்ணீர்க் குடத்திலும் தாளம் போட்டு ஆசிரியர்களிடம் திட்டு வாங்குகிற பையன். ஸ்னேரைத் தட்டினான். காலி டால்டா டின்னைத் தட்டியது போலச் சத்தம் வந்தது. ஒரு பக்கம் தோல் தொளதொளவென்று இருந்தது. நான் ஆய்வகத்திலிருந்து இடுக்கியைக் கொண்டுவந்து, தொளதொளத்த பக்கத்தில் இருந்த இரண்டு திருகுகளையும் பலம் கொண்டமட்டும் முறுக்கினேன். அந்தப் பக்கம் 'டங்' என்றது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

விழாவில் இரண்டாவது பாட்டின் நடுவில் தோல் கிழிந்தது. ஊர்ப் பெரியவர்கள், பெற்றோர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒலிபெருக்கி அணைக்கப்படவில்லை என்பதையும் கவனிக்காமல், "எருமை மாட்டை அடிக்கிற மாதிரி அடிச்சா எந்தத் தோல்தான் தாங்கும்? ஒரு பொருளை நம்பிக் கொடுக்க முடியுதா உங்ககிட்ட?" என்று சொல்லிவிட்டேன். அவன் குச்சிகள் இரண்டையும் பெரிய டிரம் மேல் வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போனான்.

மூன்று நாட்கள் அவன் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் மாலை அவன் வீட்டுக்குப் போனேன். அவனை அழைத்துவரத்தான் போனேனே தவிர, தவறு என்மேல் என்ற எண்ணமே அப்போது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவனுடைய அப்பா நையாண்டி மேளக் குழுவில் தவில் வாசிப்பவர். எனக்கு அது அன்றுதான் தெரியும். இரண்டு ஆண்டுகளாக என்னிடம் படிக்கும் மாணவன். அவனுடைய வருகைப் பதிவு, மதிப்பெண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் என்னிடம் இருந்தன. அவன் வீட்டில் ஒரு தவில் இருப்பது தெரியவில்லை.

அவர் என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, மெதுவாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தோலு நடுவுல கிழிஞ்சுதா, ஓரத்துல கிழிஞ்சுதா சார்?"

"ஓரத்துலதான்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சுவரோரம் இருந்த தவிலை உருட்டிக் காட்டினார். "எங்க தவில்லயும் இப்ப இரும்பு வளையம், நட்டு போல்ட்டுதான் சார். ஓங்கி ஓங்கி அடிச்சா நடுவுல குழி விழும், அப்புறம் அங்கதான் கிழியும். ஓரத்துல கிழிஞ்சா பெரும்பாலும் இழுத்துக் கட்டுனதுலதான் கோளாறு. தப்பா எடுத்துக்காதீங்க."

மறுநாள் காலை முதல் வேலையாகப் பொருள் அறையைத் திறந்து அந்தத் தோலை எடுத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு குழிகூட இல்லை. குச்சி பட்ட தடம் மட்டும் லேசாக இருந்தது. கிழிசல் வளையத்தை ஒட்டி, நான் இடுக்கியால் முறுக்கிய இரண்டு திருகுகளுக்கும் இடையே ஓடியிருந்தது.

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னேன். "சரி, விடுங்க சார். பையன்கிட்ட போய் மன்னிப்பா கேட்பீங்க? நாளைக்கு மதிப்பானா?" என்றார் ஒரு நண்பர். அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. 18 ஆண்டுகள் பணியாற்றியவனுக்கு அது எளிதாக இல்லை. ஆனால் நான் அவனைக் குற்றம் சொன்னது ஒலிபெருக்கியில். அதைத் திரும்பப் பெறுவது மட்டும் தனியறையில் என்றால் அது நியாயமாகுமா? திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில், கிழிந்த தோலைக் கையில் தூக்கிக் காட்டி, எங்கே கிழிந்திருக்கிறது, ஏன் கிழிந்தது, யார் முறுக்கியது என்று சொன்னேன். அவன் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு அவன் என்னிடம் வந்து சொன்னது ஒன்றுதான். "அடுத்த தடவ முறுக்கும்போது என்னையும் கூப்பிடுங்க சார்."

பக்கத்து நகரத்தில் ஒருவர் மைக் செட் கடை வைத்திருக்கிறார். பல ஆண்டுகள் மெல்லிசைக் குழுக்களில் டிரம்ஸ் வாசித்தவர். சனிக்கிழமைகளில் நானும் அந்த மாணவனும் ஸ்னேரைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனோம். எங்கள் இடுக்கியைப் பார்த்தவர், "இதை வெச்சு வீட்டுல பைப் ரிப்பேர் பாருங்க சார்" என்று வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, சதுரத் துளை உள்ள சிறிய சாவி ஒன்றைக் கையில் கொடுத்தார். டிரம் கீ என்பது அதுதான். இரண்டு விரல்களால் திருகும் அளவுக்கே அதற்குக் கைப்பிடி. அதற்கு மேல் பலம் தேவைப்பட்டால் நாம் ஏதோ தவறு செய்கிறோம் என்று பொருள்.

அவர் கற்றுக்கொடுத்த முறையைச் சொல்கிறேன். உங்கள் பள்ளியில் பேண்டு வாத்தியத்தின் சைடு டிரம் இருந்தால் அதற்கும் பெரும்பாலும் இதேதான்.

முதலில் பழைய தோலைக் கழற்றி, டிரம்மின் விளிம்பை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். தோல் உட்காரும் இடம் அந்த விளிம்பு. ஒரு மரத்துகள் ஒட்டியிருந்தாலும் அங்கே தோல் சரியாக உட்காராது. சமமான மேசைமேல் கவிழ்த்து, உள்ளே விளக்கைப் பிடித்தால், விளிம்பில் மேடு பள்ளம் இருக்கும் இடத்தில் வெளிச்சம் கசியும். பிறகு புதிய தோல், அதன் மேல் வளையம். எல்லாத் திருகுகளையும் சாவி இல்லாமல் கைவிரலாலேயே முடிந்தவரை திருக வேண்டும். எங்கள் ஸ்னேரில் 8 திருகுகள். அதன் பிறகுதான் சாவி. ஒன்றைத் திருகினால் அடுத்தது அதற்கு நேர் எதிரே இருப்பது. கடிகார முகத்தில் 12-ஐத் திருகினால் அடுத்து 6, பிறகு 3, அடுத்து 9. ஒரு தடவைக்குக் கால் சுற்று. லாரி டயர் மாற்றுபவர் நட்டுகளை எதிரெதிராக முறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கணக்கு. பந்தல் போடும்போது தார்ப்பாயின் ஒரு மூலையை மட்டும் இழுத்தால் மறு மூலையில் சுருக்கம் விழுமே, நான் செய்தது அதுதான்.

தோலில் சுருக்கங்கள் மறைந்ததும் காதுக்கு வேலை. ஒவ்வொரு திருகுக்கும் நேரே, விளிம்பிலிருந்து சுமார் ஓர் அங்குலம் உள்ளே மெல்லத் தட்ட வேண்டும். எட்டு இடங்களிலும் ஒரே சுருதி வர வேண்டும். எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கே சிறிது ஏற்ற வேண்டும். எங்கே உயர்ந்திருக்கிறதோ அங்கே, வேண்டிய சுருதிக்குக் கீழே வரும்வரை தளர்த்திவிட்டு மறுபடி மேலேறி வர வேண்டும். இறக்கி நிறுத்திய திருகு அடிபட அடிபட மேலும் தளரும். ஏற்றி நிறுத்தியது நிற்கும்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். எட்டு இடங்களும் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்டன. என் பக்கத்தில் இருந்த மாணவன் உடனே, "மூணாவது கம்மி, ஆறாவது ஜாஸ்தி" என்கிறான். நான் திரும்பத் திரும்பத் தட்டுகிறேன், ஒன்றும் விளங்கவில்லை. காது மடல் சூடாகிறது. கரும்பலகை முன்னால் விடை தெரியாமல் சுண்ணக்கட்டியோடு நிற்கும் பிள்ளையின் நிலை எப்படி இருக்கும் என்பது நாற்பது வயதுக்கு மேல் எனக்கு மறுபடி நினைவு வந்தது.

மாஸ்டர், "இதுகூடக் கேட்கலையா?" என்று கேட்கவில்லை. என் இடது கை விரல் ஒன்றை எடுத்துத் தோலின் நடுவில் லேசாக வைத்தார். "இப்பத் தட்டுங்க" என்றார். தோலின் பல ஒலிகள் அடங்கி, அந்த இடத்தின் ஒலி மட்டும் தனியாகக் கேட்டது. மூன்றாவது தாழ்வு, ஆறாவது உயர்வு. எனக்கும் கேட்டது! என் காதில் குறை இல்லை. ஒரே நேரத்தில் பல ஒலிகள் வந்ததால் எதைக் கேட்பது என்று தெரியவில்லை, அவ்வளவே. நாம் வகுப்பில் ஒரு கணக்கை விளக்கும்போது எத்தனை விஷயங்களை ஒரே மூச்சில் சொல்கிறோம் என்று அன்று யோசித்தேன். மற்றவற்றை அடக்கி ஒன்றை மட்டும் கேட்க வைக்கும் அந்த விரலை இப்போது என் பாடங்களில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஏன் அத்தனை ஒலிகள் வருகின்றன என்பது நம் பாடம். ஒரு கம்பியை மீட்டினால் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் 2, 3, 4 மடங்குகளும் எழும். அவை ஒன்றோடொன்று இசைந்து போகும். வட்டமான, சீரான தோலில் அப்படி இல்லை. அடிப்படை அதிர்வெண் 1 என்றால் அடுத்தவை ஏறத்தாழ 1.59, 2.14, 2.30 என்று வரும். முழு எண் மடங்கு இல்லை. அதனால்தான் டிரம்மில் 'டம்' கேட்கிறதே தவிர, வீணையைப் போலத் தெளிவான சுவரம் கேட்பதில்லை. இழுவிசை சீராக இல்லாவிட்டால் இந்தக் கூட்டம் இன்னும் கலைந்து, டால்டா டின் ஆகிவிடுகிறது.

மிருதங்கத்தில் மட்டும் எப்படிச் சுருதி சேர்கிறது? இதைக் கேட்டவர் நம் சர் சி. வி. ராமன். 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் இதுபற்றி எழுதினார். 1934-இல் இந்திய அறிவியல் அகாதமியின் ஆய்விதழில் விரிவான கட்டுரை வெளியிட்டார். வலந்தலையின் நடுவில் அடுக்கடுக்காக ஏற்றப்படும் கரிய பூச்சின் எடையால் அந்த ஒழுங்கற்ற அதிர்வெண்கள் கம்பியைப் போல முழு எண் மடங்குகளாக ஒழுங்குபடுகின்றன என்று காட்டினார். அதைச் செய்த நம் கைவினைஞர்கள் சமன்பாடு எழுதவில்லை, காதால் கேட்டே கண்டுபிடித்திருக்கிறார்கள். தொப்பியில் ரவையைக் குழைத்து அப்புவதும், பறையைத் தீயில் காய்ச்சி ஈரத்தை எடுத்து விறைப்பாக்குவதும் இதே அறிவியல்தான். எங்கள் டிரம்ஸில் இருப்பது விலங்குத் தோல் அல்ல, பாலியெஸ்டர் தாள். 1950-களின் பிற்பகுதியில் இது பரவிய பிறகுதான், மழைக்காலத்தில் தளர்ந்து வெயிலில் விறைக்கும் கன்றுத்தோலின் தொல்லை டிரம்ஸ் கலைஞர்களுக்குத் தீர்ந்தது.

எட்டாம் வகுப்பில் ஒலி பாடத்தை ஆய்வகத்தில் அல்லாமல் டிரம்ஸ் செட்டைச் சுற்றி உட்கார்ந்து நடத்தினேன். ஸ்னேரின் மேல் கொஞ்சம் ரவையைத் தூவி, தொடாமல் பக்கத்து டாமைத் தட்டினோம். ரவை துள்ளியது. காற்று ஒலியைக் கடத்துகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. டாமின் சுருதியை மெல்ல மாற்றிக்கொண்டே வந்தபோது, ஒரு கட்டத்தில் ரவை கூடுதலாகத் துள்ளியது. ஒத்ததிர்வு என்ற சொல்லைப் பிறகுதான் சொன்னேன். ஸ்னேரின் அடியில் இருக்கும் சுருள் கம்பிகள், வேறு டிரம்மை அடித்தாலும் 'கிர்ர்' என்று முனகுவதும் அதனால்தான் என்று ஒரு மாணவி தானே சொன்னாள். கைப்பேசிச் செயலியில் அதிர்வெண்ணை அளந்தோம். ஒரே மாதிரித் தோலாக இருந்தாலும் விட்டம் கூடினால் சுருதி இறங்கும், இழுவிசை கூடினால் ஏறும். சுருதியை இரு மடங்காக்க இழுவிசை நான்கு மடங்கு வேண்டும் என்று சொன்னபோது, "அதான் சார் கிழிஞ்சுது" என்றது பின்வரிசை. எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

பராமரிப்பு பற்றிச் சில சொற்கள். ஸ்னேரின் கீழ்த்தோல் மிகமிக மெல்லியது. அதில் குச்சியோ விரல் நகமோ படக் கூடாது. சிம்பல்களைத் தாங்கியில் மாட்டும்போது மேலும் கீழும் கம்பளி வட்டும் நடுவில் பிளாஸ்டிக் குழாயும் இருக்க வேண்டும். இல்லையென்றால் இரும்புத் தண்டு வெண்கலத்தின் துளையை அறுத்துவிடும். மேல் மறையை இறுக்கக் கூடாது. சிம்பல் ஆட வேண்டும். ஆட முடியாத சிம்பல் விரிசல் விடும். எங்கள் பிள்ளைகள் குத்துவிளக்கு போல ஆக்குகிறோம் என்று ஒரு சிம்பலைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, அதில் அச்சிட்டிருந்த எழுத்தையெல்லாம் எடுத்துவிட்டார்கள். உலர்ந்த துணியே போதும். பெரிய டிரம்முக்குள் ஒரு பழைய போர்வையை மடித்து வைத்தால் தேவையற்ற முழக்கம் அடங்கும். மிதியின் கீலுக்கும் திருகுகளுக்கும் துளி எண்ணெய். வெயில், மழைச்சாரல் இரண்டும் படாத இடம். முக்கியமாக, மூடிய சிறு அறையில் நெடுநேரம் பயிற்சி வேண்டாம். 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஒலியில் நீண்ட நேரம் இருப்பது செவிக்குத் தீங்கு. டிரம்ஸ் அதை எளிதாகத் தாண்டும்.

இந்த வேலைகளுக்கு ஐந்து மாணவர்கள் கொண்ட குழு ஒன்று வைத்திருக்கிறோம். ஒரு 40 பக்க நோட்டு. எந்தத் தேதியில் யார் சுருதி பார்த்தார், எந்தத் திருகு தளர்ந்திருந்தது என்று எழுதுவார்கள். குழுவில் ஒரு மாணவி வாசிப்பதில் மிகவும் பின்தங்கியிருந்தவள். இப்போதும் வேகமாகப் படிக்க மாட்டாள். ஆனால் அவள் நோட்டில் எழுதுவதை மற்றவர்கள் நம்பியிருக்கிறார்கள் என்பதால், "தளர்ந்தது" என்பதற்கு எந்த 'ள' என்று வந்து கேட்கிறாள். முன்பெல்லாம் கேட்க மாட்டாள்.

அந்தப் பையன் பத்தாம் வகுப்பு முடித்து மேல்நிலைக் கல்விக்குப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டான். அவனுடைய அப்பாவை ஒருநாள் வகுப்புக்கு அழைத்து, தவிலை வைத்துப் பேசச் சொன்னேன். முதலில், "நான் பள்ளிக்கூடத்துல என்ன சார் பேசுறது?" என்று தயங்கினார். வந்தார். முக்கால் மணி நேரம் பேசினார். ஒரு பிள்ளைகூட எழுந்து வெளியே போகவில்லை.

நண்பர்களே, நம்மில் பலருடைய பள்ளிகளில் பேண்டு செட் ஒன்று பூட்டிக் கிடக்கும். திறந்து பாருங்கள். ஒரு டிரம் கீ வாங்குங்கள். ஊரில் தவிலோ பறையோ பம்பையோ வாசிக்கும் ஒருவர் கட்டாயம் இருப்பார், பெரும்பாலும் நம் மாணவர் ஒருவரின் தந்தையாகவோ தாத்தாவாகவோ இருப்பார். அவரிடம் கேளுங்கள்.

கிழிந்த அந்தத் தோலை நான் தூக்கி எறியவில்லை. இருப்புப் பதிவேட்டில் கழித்துவிட்டு, ஆய்வகத்தில் என் மேசைக்கு எதிரே மாட்டி வைத்திருக்கிறேன். ஒரு பிள்ளைமேல் கோபம் வரும்போது கண் தானாக அங்கே போகும். கிழிந்தது நடுவிலா, ஓரத்திலா என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் இப்போது பேசுகிறேன். சில நாட்களில் அந்த ஒரு நிமிடம் தவறிப்போகிறது. ஆனாலும் முன்பைவிடக் குறைவு.